ஹோட்டலில் ஆள் ஏன் நிற்பதில்லை? புதிதாகக் கடை எடுத்து நடத்துபவர்களுக்கு

"ஆட்கள் தேவை: மாஸ்டர், சப்ளையர், கிளீனர். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்." பல ஹோட்டல் வாசலில் இந்த அட்டை வருஷம் முழுக்கத் தொங்குகிறது. வெயிலில் எழுத்து வெளுத்துப்போன அந்த அட்டையை வேலை தேடி வருகிறவர் "இங்கே யாரும் நிற்கமாட்டார்கள் போல" என்றுதான் படிக்கிறார். முதல் வேலையாக அதைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஆள் தேவைப்படும் வாரத்தில் மட்டும் மாட்டினால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் 40 முதல் 80 பேர் உட்காரக்கூடிய, 15 முதல் 25 பேர் வேலை பார்க்கும் நடுத்தர ஹோட்டலுக்கு. நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆள் விவகாரத்துக்குத் தனி அதிகாரி உண்டு. இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியேதான் அந்த அதிகாரியும்.

"சம்பளம் பத்தலைன்னு போயிட்டான்" என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அதில் பாதிதான் உண்மை. ஆள் எந்த நாளில் போனார் என்று பாருங்கள்: வந்த மூன்றாம் நாள், சம்பளம் வாங்கிய மறுநாள், ஊருக்குப் போன வாரம், எதிர்த்தாற்போல் புதுக் கடை திறந்த மாதம். நாளுக்கு நாள் காரணம் வேறு. மூன்றாம் நாளே போகிறவருக்குச் சம்பளம் காரணமாக இருக்க முடியாது. அவர் இன்னும் சம்பளத்தைக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒருவர் போனால் ஐந்து விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, சேர்ந்த தேதி, போன தேதி, போவதற்கு முந்தின இரண்டு நாளில் கடையில் என்ன நடந்தது, இப்போது எங்கே வேலை பார்க்கிறார். ஐந்தாவது கேள்விக்குப் பதில் அவரிடம் கேட்டால் வராது. பத்து நாள் கழித்து அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவரிடம் சாதாரணமாகக் கேட்டால் வரும். "காரணம்" என்று ஒரு கட்டம் போடாதீர்கள். அதில் உங்களுக்குப் பிடித்த காரணத்தைத்தான் எழுதுவீர்கள்.

மூன்று மாதத்தில் நோட்டு பேச ஆரம்பிக்கும். கிளீனர்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் கழுவுமிடத்தைப் பாருங்கள். சப்ளையர்கள் பத்து நாளுக்குள் போனால் வேலை பழக்கும் விதத்தில் கோளாறு. ஒரே வாரத்தில் மூன்று பேர் சேர்ந்து போயிருந்தால் அநேகமாக ஒருவரை எல்லார் முன்னாலும் யாரோ கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். மற்ற இருவரும் அவருடைய ஊர்க்காரர்கள்.

ஒரு சப்ளையர் போனால் என்ன செலவு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சப்ளையர் 5 டேபிள், அதாவது 20 இருக்கை பார்க்கிறார். ஆள் குறைந்தால் மற்றவர்கள் அந்த டேபிளையும் இழுத்துப் பிடிப்பார்கள், ஆனால் கூட்ட நேரத்தில் ஒரு சுற்று குறையும். 20 பேர், தலைக்கு 90 ரூபாய் பில் என்றால் நாளைக்கு 1,800 ரூபாய் வியாபாரம் போச்சு. அதில் சரக்குச் செலவு போகப் பாதி நிற்கும் என்று வைத்தாலும் 900 ரூபாய். புது ஆள் கிடைக்க எட்டு நாள் ஆனால் 7,200. அந்த எட்டு நாளும் கூடுதலாக நிற்பவர்களுக்குத் தினம் 300 வீதம் 2,400. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் 2,000. ஆக 11,600 ரூபாய். வந்தவர் பழகும்வரை மாற்றிப் போட்ட ஆர்டர், உடைந்த டம்ளர் எல்லாம் இதில் சேரவில்லை.

உங்கள் கடை எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். மாதம் 1,000 ரூபாய் கூட்டிக் கேட்டவரை "முடிஞ்சா இரு, இல்லாட்டிப் போ" என்று சொல்லி அனுப்பினால், கிட்டத்தட்ட ஒரு வருஷத்துச் சம்பள உயர்வை எட்டே நாளில் தொலைத்திருப்பீர்கள்.

சேரும் நாளும் முதல் மூன்று நாளும்

ஆளை உள்ளே விடும் முன் அரைப் பக்கத் தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: மாதச் சம்பளம், சம்பளத் தேதி, வேலை நேரம், வார லீவு எந்தக் கிழமை, சாப்பாட்டு நேரம், பிடித்தம் எதெதற்கு, என்ன வேலை. கடைசி விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "எல்லா வேலையும் பார்க்கணும்" என்று சொல்லிச் சப்ளையராக எடுத்தவரை இரண்டாம் நாள் சாக்கடை அடைப்பு எடுக்கச் சொன்னால் மூன்றாம் நாள் அவர் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். டேபிள் துடைக்க வேண்டியிருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். முன்னாலேயே தெரிந்த வேலையை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை.

ஆதார் நகல் வாங்கி, வயதைச் சரிபாருங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அசலைப் பிடித்து வைத்தால் ஆள் ஓடமாட்டார் என்பது பழைய நம்பிக்கை. ஓடுகிறவர் போலீஸில் "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. ஹோட்டல், தாபா, டீக்கடைக்கு இந்தத் தடை 2006 அக்டோபரிலிருந்தே இருக்கிறது. 18 ஆகாதவரை அடுப்படிப் பக்கமே விடாமல் இருப்பது நல்லது.

முதல் நாள் புது ஆளைக் காலைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள். பதினொரு மணிக்கு வரச்சொல்லி, டேபிள் எண், தண்ணீர் இடம், பார்சல் கட்டுமிடம், அடுப்படியில் ஆர்டர் சொல்லும் முறை ஆகியவற்றைக் காட்டுங்கள். அன்று மாலை ஒரு மூத்த சப்ளையரோடு கூடவே நடந்தால் போதும். இரண்டாம் நாள் இரண்டு டேபிள். மூன்றாம் நாள் மூன்று. முழு ஐந்து டேபிள் ஒரு வாரம் கழித்து. பழக்கிவிடும் மூத்தவருக்கு அந்த வாரத்துக்கு ஒரு தொகை, 500 ரூபாயாவது, கொடுங்கள். இல்லாவிட்டால் புது ஆள் அவர் கண்ணில் டிப்ஸைப் பங்கு போட வந்தவர்தான்.

அஸ்ஸாம், மேற்கு வங்கம், பீகார், ஒடிசா, நேபாளம் என்று வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஊத்தப்பத்துக்கும் செட் தோசைக்கும் வித்தியாசம் தெரியாதது குற்றமில்லை. மெனுவில் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, படத்தோடு ஒரு அட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். "14 ரெண்டு, 9 ஒண்ணு" என்று சொல்வது அவருக்கும் எளிது, தோசை மாஸ்டருக்கும் எளிது. அப்புறம், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏய் ஹிந்தி" என்று கூப்பிடப்படுகிறவர், பாதி நேரம் ஹிந்தியே தாய்மொழியாக இல்லாத வங்காளியோ அஸ்ஸாமியோ ஆக இருப்பார்.

நேரம்: இதில்தான் அதிகம் பேர் போகிறார்கள்

ஹோட்டல் வேலையை விட்டுப் பலர் உணவு டெலிவரி பைக் ஓட்டப் போகிறார்கள். வெயிலில் அலைச்சல், பெட்ரோல் கைக்காசு. வருமானமும் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. ஆனால் எப்போது செல்போனில் டெலிவரி ஆப்பை (செயலியை) அணைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. ஹோட்டலில் காலை ஆறுக்கு நிற்க ஆரம்பித்தவர் பதினொன்றுக்கு விடப்பட்டு, பன்னிரண்டுக்கு மறுபடி வந்து, மூன்றரைக்கு விடப்பட்டு, ஆறுக்கு வந்து இரவு பதினொன்று வரை நிற்கிறார். முதலாளி கணக்கில் இது பதிமூன்றரை மணி நேரம். அவர் கணக்கில் பதினேழு. இடையில் கிடைக்கும் ஒரு மணி, இரண்டரை மணியில் அவரால் பேங்குக்கும் போக முடியாது, தூங்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் உணவு நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைக்கிறது. "அப்படியெல்லாம் பார்த்தா ஹோட்டல் நடத்த முடியுமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடை காலை 6:30 முதல் இரவு 10:30 வரை, 60 இருக்கை என்று கொள்வோம். சப்ளையர் ஆறு பேர்.

காலை ஷிப்ட்: 6 முதல் மதியம் 3 வரை, இரண்டு பேர்.
மாலை ஷிப்ட்: 2 முதல் இரவு 11 வரை, இரண்டு பேர்.
நடு ஷிப்ட்: பகல் 12:30 முதல் இரவு 9:30 வரை, ஒருவர்.

ஒவ்வொரு ஷிப்டிலும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போக வேலை 8 மணி. மதியக் கூட்டத்துக்கு மூன்று பேர், இரண்டு முதல் மூன்று மணி வரை ஐந்து பேர். இரவுக் கூட்டத்துக்கு மூன்று பேர். காலைக் கூட்டத்துக்கு இரண்டு பேரோடு சூப்பர்வைசர் கை கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து இடம். திங்கள் முதல் சனி வரை ஆளுக்கு ஒரு கிழமை லீவு, தினம் ஐந்து பேர் வேலையில். ஞாயிறு ஆறு பேரும் வருவார்கள், அன்றுதான் உங்களுக்கும் ஆள் வேண்டும். ஆளுக்கு வாரம் ஆறு நாள், 48 மணி. கணக்கு நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

ஷிப்ட் மாற்றுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரவு 11-க்கு முடித்தவரை மறுநாள் காலை 6-க்குப் போட்டால் அவருக்கு அறைக்குப் போய்க் குளித்துப் படுத்து எழுந்து வர எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம்தான். மாலையிலிருந்து காலைக்கு மாற்றுவதை எப்போதும் அவருடைய வார லீவுக்கு அடுத்த நாள் செய்யுங்கள். அட்டவணையை வெள்ளிக்கிழமையே எழுதி ஒட்டிவிடுங்கள். லீவு நாளை முந்தின இரவு ரத்து செய்வதைப்போல ஆளை விரட்டும் வழி வேறில்லை; ரத்து செய்தே ஆகவேண்டும் என்றால் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம், அன்றைக்கே கையில்.

ஆறாவது ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதே அடுத்த கேள்வி. மேலே போட்ட 11,600 ரூபாய்க் கணக்கை எடுங்கள். வருஷத்தில் எத்தனை சப்ளையர் மாறினார்கள் என்பதால் பெருக்குங்கள். கூடுதல் நேரக் காசையும் சேருங்கள். மாதத்துக்கு ஒருவர் மாறுகிற கடையில் ஆறாவது ஆளின் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

மாஸ்டர் விஷயம் தனி

சரக்கு மாஸ்டர் (சாம்பார், குழம்பு, பொரியல் சமைப்பவர்), பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் மூவரையும் மேலே சொன்ன ஷிப்ட் கணக்கில் அடைக்க முடியாது. சரக்கு மாஸ்டர் அதிகாலையில் வந்தால் மதியம் சாப்பாடு இறங்கியதும் அவர் வேலை முடிந்துவிட வேண்டும். மாலை டிபனுக்குக் குருமா, சட்னி போட வேறு கை வேண்டும். பரோட்டா மாஸ்டர் மாவு பிசைவது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. கல்லில் நிற்பது ஆறு முதல் பதினொன்று வரை. அவரைக் காலையில் பூரிக்கும் இழுத்தால் ஒரு மாதம் தாங்குவார்.

நல்ல மாஸ்டரை இழுக்க எதிர்க்கடை மட்டும் காத்திருக்கவில்லை. வளைகுடாவும் மலேசியாவும் பழைய கதை. சிங்கப்பூரும் 2023 செப்டம்பரிலிருந்து இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்க வழிவிட்டிருக்கிறது. அந்தச் சம்பளத்தோடு நீங்கள் மோத முடியாது. ஒருவர் போனால் கடை படுத்துவிடாதபடி வைத்துக்கொள்ளத்தான் முடியும்.

அதற்கு ஒவ்வொரு மாஸ்டருக்கும் கீழே ஒரு உதவி ஆள், எழுதி வைத்த அளவு இரண்டும் வேண்டும். இங்கே பலர் சொதப்புவது, அளவை எழுத நோட்டும் தராசுமாக மாஸ்டர் பின்னால் போய் நிற்பதில்தான். அவர் புரிந்துகொள்வது ஒன்றே: "நம்ம கைப்பக்குவத்தை எழுதிக்கிட்டு நம்மளை அனுப்பப் போறான்." மறுநாளிலிருந்து உப்பை உங்கள் முன்னால் போடமாட்டார். முதலில் சம்பளத்தைக் கூட்டுங்கள், உதவி ஆள் தனியாக நிற்கத் தேறியதும் இவ்வளவு ரூபாய் என்று மாஸ்டருக்குத் தொகை பேசுங்கள், அப்புறம் நோட்டை எடுங்கள். கூட்டத்தில் கிண்ணமும் கரண்டியும்தான் ஓடும், தராசு ஓடாது. ஆகவே "சாம்பார் பொடி பெரிய கரண்டியில் மூன்று" என்று அவர் பாஷையிலேயே எழுதி, அந்தக் கரண்டி எத்தனை கிராம் பிடிக்கிறது என்று நீங்கள் தனியாக நிறுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் ஒருவர் "சாம்பார் காரம்" என்று சொன்னதும் அடுப்படிக்குள் போய் எல்லார் காதிலும் விழ மாஸ்டரைக் கேட்பதும் வேண்டாம். மூன்று மணிக்கு, அவர் கை கழுவி உட்கார்ந்த பிறகு, தனியாகக் கேளுங்கள். அடுப்படியில் மாஸ்டருக்கு இருக்கும் மரியாதையும் அவர் சம்பளத்தில் சேர்த்திதான்.

காசு: தேதி, அட்வான்ஸ், டிப்ஸ்

சம்பளம் 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதி. "பத்து நாள் பிடித்து வைத்தால் ஓடமாட்டான்" என்ற கணக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. பிடித்து வைத்த காசை விட்டுவிட்டுப் போக அவர் ஒரு தடவை மனதைத் திடப்படுத்தினால் போதும். அதற்கப்புறம் அவரை எதுவும் பிடித்து நிறுத்தாது, உங்கள் பேரும் அந்த ஊர் ஆட்களிடம் போய்விடும்.

அட்வான்ஸ் இல்லாமல் மாஸ்டர் வருவதில்லை, அது நடைமுறை. கொடுங்கள், ஆனால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதீர்கள். மாதா மாதம் எவ்வளவு கழியும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆறில் ஒரு பங்கு வீதம் கழித்தால் ஆறு மாதத்தில் தீரும், அவருக்கும் வலிக்காது. அட்வான்ஸ் தீரும்வரை வேறெங்கும் போகக்கூடாது என்று ஆளைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம். விளையாட்டாகக்கூட அப்படிப் பேச வேண்டாம். கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதி வராமலே போகும் என்று முதலிலேயே செலவில் எழுதிக்கொள்வது மனதுக்கு நல்லது.

டிப்ஸ் விஷயத்தைப் பல முதலாளிகள் கவனிக்கவே இல்லை. முன்பு பில் தட்டில் மீதிச் சில்லறை விழும். இப்போது கஸ்டமர் கல்லாவில் செல்போனைக் காட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுகிறார். 187 ரூபாய் பில்லுக்கு 187 ரூபாயே போகிறது. சப்ளையரின் கைக்கு வந்துகொண்டிருந்த தினக் காசு, அதாவது டீ, பீடி, ரீசார்ஜ் செலவு, சத்தமில்லாமல் நின்றுபோயிற்று. நீங்கள் சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனாலும் அவர் வருமானம் குறைந்துவிட்டது. டேபிளில் டிப்ஸுக்கென்று தனி கியூஆர் அட்டை வைத்து, அந்தக் கணக்கு மூத்த சப்ளையர் ஒருவர் பெயரில் இருக்கட்டும். வாரம் ஒருநாள், எல்லார் முன்னாலும், பங்கு: நூற்றுக்கு 60 சப்ளையர்களுக்கு, 20 கிளீனர்களுக்கு, 20 அடுப்படிக்கு என்று ஆரம்பிக்கலாம். முதலாளி அதில் கைவைக்கக்கூடாது, உடைந்த தட்டுக்கும்கூட. இதற்குப் பதிலாகப் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கூடாது; 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). இதில் எதிர்ப்பு உங்களைவிட ஆட்களிடமிருந்துதான் அதிகம் வரும். "கையில வர்றது குறையுது." 15,000 ரூபாய் சம்பளத்தில் பிஎஃப் 12 சதவீதம் என்றால் 1,800 ரூபாய் போகிறது, அவர் சொல்வதில் தப்பில்லை. செய்ய வேண்டியது: பேசும்போதே கையில் வரும் தொகையைச் சொல்லிப் பேசுங்கள், அப்புறம் உங்கள் பங்கு 1,800-உம், ஒரு பகுதி பிஎஃப்பிலும் மீதி பென்ஷனிலுமாக, அவர் பெயரில் சேர்வதை அவர் போனிலேயே காட்டுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பிஎஃப்பில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் சேரும்போதே திருத்துங்கள். போகும்போது காசு மாட்டிக்கொண்டால், நீங்கள்தான் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று பேச்சு பரவும். இஎஸ்ஐ எளிது: 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. 15,000-க்கு அவரிடமிருந்து போவது சுமார் 113 ரூபாய். எண்ணெய் தெறித்துக் கை வெந்த அன்றைக்கு அதன் அருமை தெரியும்.

காலும் கையும் வெயிலும்

கிளீனர் வேலைக்கு ஆள் நிற்காததற்கு ஒரு காரணத்தை அவருடைய கால் விரல் இடுக்கில் பார்க்கலாம். எட்டு மணி நேரம் ஈரத்தில் நின்று சேற்றுப்புண் வந்து, வெளுத்து, வெடித்திருக்கும். சோப்பிலும் சோடாவிலும் ஊறிய விரல் நுனித் தோல் உரிந்திருக்கும்; சாம்பார் தொட்டுச் சாப்பிட்டால் எரியும். இதைப் பார்க்காமல் 500 ரூபாய் கூட்டிப் பயனில்லை.

கழுவுமிடத்தில் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், தண்ணீர் கீழே ஓடும்படி இடைவெளிவிட்ட மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் மேடை போடுங்கள். ரப்பர் பூட்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒரு ஜோடி என்றால் உள்ளே காயாமல் புண் இன்னும் மோசமாகும். கையுறை அவர் கை அளவுக்கு இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் தட்டு வழுக்குகிறது என்று முதல் நாளே கழற்றி எறிவார், நீங்கள் "கொடுத்தாலும் போடுறதில்லை" என்பீர்கள். இரண்டு மணி நேரம் கழுவினால் அடுத்த இரண்டு மணி நேரம் டேபிள் துடைக்க மாற்றுங்கள். நாலு மாதம் நின்றால் சப்ளையர் வேலை பழக்கப்படும் என்று சேரும் அன்றே சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். கிளீனராகவே சாகணும் என்று நினைத்தால் யார்தான் இருப்பார்?

அடுப்படியில் எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், புழுக்கம் மட்டும் குறையாது. காரணம் பெரும்பாலும் ஒன்று: வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வர வழியில்லை. எதிர்ச் சுவரில் கீழ்ப்பக்கம் வலை போட்ட திறப்பு ஒன்று வேண்டும். புகைக்கூண்டு வடிகட்டியை வாரம் ஒருமுறை வெந்நீரும் சோடாவும் போட்டுக் கழுவாவிட்டால் எண்ணெய் அடைத்து இழுவை பாதியாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பானை அடுப்படிக்குள்ளேயே இருக்கட்டும்; சாப்பாட்டு ஹாலில் வைத்தால் பரோட்டா மாஸ்டரால் கல்லை விட்டு வர முடியாது.

சப்ளையருக்கு நரம்புச் சுருட்டு வருவது நின்றே கழியும் வருஷங்களால். உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. உங்கள் ஹோட்டல் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருந்தாலும் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போடுங்கள். டேபிள் காலியாக இருக்கும்போது அவர் உட்கார்ந்தால் கல்லாவிலிருந்து முறைக்காதீர்கள்.

சாப்பாடும் அறையும்

நாள் முழுக்கச் சாப்பாடு பரிமாறுகிறவர் பசியோடு நிற்பது இந்தத் தொழிலின் கொடுமை. மதியக் கூட்டம் முடிந்து நாலு மணிக்கு, அண்டாவின் அடியில் நின்ற சாம்பார், காய் இல்லாத பொரியல். ஊழியர்களுக்கான பங்கைச் சமையல் இறங்கியதும் தனியாக எடுத்து மூடி வையுங்கள். ஆளுக்கு 200 கிராம் அரிசி என்றால் 18 பேருக்கு 3.6 கிலோ, இதைத் தினசரி அளவில் சேர்த்தே உலையில் போடச் சொல்லுங்கள். காலை 10:30, மதியம் 3, இரவு 9:45 என்று நேரம் எழுதி ஒட்டி, இரண்டு பிரிவாக உட்கார வையுங்கள். வெளிமாநிலத்தவர் தினமும் சாம்பார் சாப்பிட மாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் அவர்களே செய்துகொள்ள ஒரு அடுப்பு, ஒரு பாட்டில் கடுகெண்ணெய். மாதத்துக்கு ஆகும் செலவு ஒரு பிறந்தநாள் பார்ட்டிக்கு நீங்கள் விடும் தள்ளுபடியைவிடக் குறைவு.

"தங்குமிடம் இலவசம்" என்று போட்டுவிட்டு மாடியில் ஒரு தகர ஷெட்டைக் காட்டினால் அது ஒரு வாரத்து இலவசம்தான். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறையாவது, ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்ட பெட்டி, ஆளுக்கு ஒரு சார்ஜ் பாயின்ட். சிரிக்க வேண்டாம்: அறையில் நடக்கும் சண்டையில் பாதி, செல்போனை யார் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார் என்பதில்தான். காலை ஷிப்ட்காரர்களையும் மாலை ஷிப்ட்காரர்களையும் தனித்தனி அறையில் போடுங்கள், தூக்கம் கெடாது. மூட்டைப்பூச்சி வந்தால் மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போகாது. கட்டில் இடுக்கு, சுவர் விரிசல் எல்லாம் மருந்தடித்து, இரண்டு வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும்.

ஊருக்குப் போனவர் திரும்பி வர

ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் வேலை பிடிக்காமல் நின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறோம். டிக்கெட் கிடைக்காமலும் கையில் காசில்லாமலும் நின்றவர்கள் அதில் நிறைய. ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: பொங்கல், தீபாவளி, ஆட்களின் ஊர்க் கோயில் கொடை, ஹோலி, ஏப்ரல் நடுவில் அஸ்ஸாமியரின் பிஹு, துர்கா பூஜை, அதை ஒட்டி நேபாளிகளின் தசைன், தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரிகளின் சட் பூஜை, அவர்கள் மாநிலத்துத் தேர்தல். யார் யார் எப்போது போகிறார்கள் என்று மூன்று மாதம் முன்பே கேளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் எல்லாரையும் ஒரே வேலையில் வைக்காதீர்கள். சட் பூஜைக்குக் கழுவுமிடமே காலியாகும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. போகும் தேதிக்குத் திறக்கும் காலையில் போகும் டிக்கெட்டையும், வரும் தேதிக்குத் திறக்கும் காலையில் வரும் டிக்கெட்டையும் உங்கள் கடை ஆளே பதிவு செய்து கொடுக்கட்டும். போகும் டிக்கெட் அவர் செலவு, வரும் டிக்கெட் உங்கள் செலவு என்று வையுங்கள். அஸ்ஸாம் போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே பத்து நாள் லீவு கேட்டால் வீட்டில் நாலைந்து நாள்தான் இருப்பார். பதினைந்து கொடுங்கள், இல்லாவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது ஊரிலிருந்து அம்மாக்கள் போன் போட்டு அழுதார்கள், பையன்கள் கிளம்பினார்கள். அந்த மாதிரி நேரத்தில் முதலாளி ஆளிடம் பேசிப் பயனில்லை, வீட்டில் பேச வேண்டும். வீட்டு நம்பர் ஒன்று சேரும்போதே வாங்கி வையுங்கள். இன்னொரு சின்ன உதவி: குடும்பத்தோடு தங்கியிருப்பவருக்கு அவர் ஊர் ரேஷன் கார்டிலேயே இங்கே அரிசி வாங்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. கைரேகை வைக்கும் முறையை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடச் சொல்லுங்கள்.

போகிறேன் என்பவரை அனுப்பும் முறை

எதிர்க்கடைக்காரர் 2,000 கூட்டிக் கூப்பிட்டு, ஆள் உங்களிடம் வந்து சொன்னால், சொன்னதே பெரிய விஷயம். உடனே 2,000 கூட்டி நிறுத்தாதீர்கள். போகிறேன் என்று சொன்னால்தான் கூடும் என்று மற்ற பதினேழு பேரும் அன்றிரவே கற்றுக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஏப்ரலில் உயர்வு, ஒரு வருஷம் முடித்தவருக்கு இவ்வளவு, இரண்டு வருஷத்துக்கு இவ்வளவு என்ற பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். போவதானால் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரைப் பதினைந்து நாளும் துரோகி மாதிரி நடத்தினால் அடுத்தவர் சொல்லாமலே போவார்.

கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடியுங்கள். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. பிடித்தம் இருந்தால் எதற்கென்று தாளில் எழுதிக் கொடுங்கள். போனவர் நம்பரை அழிக்க வேண்டாம். புதுக் கடையில் சொன்ன சம்பளம் வராதது இரண்டாவது மாதத் தொடக்கத்தில்தான் தெரியும். நாற்பதாவது நாள் வாக்கில் ஒருமுறை போன் போட்டு "எப்படி இருக்கீங்க தம்பி" என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வந்தால் போனபோது வாங்கிய சம்பளத்திலேயே எடுங்கள், கூட்டிக் கொடுத்தால் நின்றவர்களுக்கு அவமானம். பழைய டேபிள்களை மட்டும் உடனே கொடுக்காதீர்கள். அவற்றை இப்போது வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.